ஆறரை மணிப் பார்வை

தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொண்டால் நானும் உட்காரலாம். ஆங், போதும். நன்றி. பாலக்கரை வரைதான் எனக்கு. பொன்மலையிலிருந்து பாலக்கரை ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் இந்த வெயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

கல்யாணம் ஆகிவிட்டதா? இல்லையா? நல்லது. அப்படியானால் உங்களிடம் கேட்கலாம். கல்யாணமானவனிடம் இதைக் கேட்டால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

ஒருத்தி இருக்கிறாள். கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவனை விட்டுவிட்டு அவள் தினமும் சாயந்திரம் ஆறரை மணிக்கு இன்னொருத்தர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அரை மணி நேரம். வாய் திறப்பதில்லை. இது நியாயமா?

அப்படி முழிக்காதீங்க தம்பி. என் சம்சாரத்துக்கு அறுபத்திரண்டு வயது. அவள் பார்க்கிறவருக்கு ரெண்டாயிரம். படம். இயேசு சாமி படம்.

சிரிக்கிறீங்க. எல்லாரும் இந்த இடத்தில்தான் சிரிக்கிறார்கள். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரிங்க.

என் பெயர் அலாய்சியஸ். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த இரைச்சலில் பேசிப் பேசிப் பழகின குரல் இது. கொஞ்சம் சத்தமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளணும். எங்கள் கோயிலில் செபமாலை, நவநாள், சாவு வீட்டு செபம், எதுவானாலும் மைக் என் கையில்தான் இருக்கும். புதுசாக வந்த பங்குச் சாமியார்கூடச் சொன்னார், "அலாய்சியஸ், நீங்க செபம் சொன்னா கல்லறையில படுத்திருக்கிறவங்க உயிர்ப்பு நாள் வந்திருச்சுன்னு எழுந்திரிச்சிருவாங்க" என்று. பாராட்டித்தான் சொன்னார்.

என் சம்சாரம் பெனடிக்டா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் மாட்டினதைக் கழற்றாமல் நாள் முழுக்கப் பேசுகிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் பேச்சு நிற்காது. குடும்ப செபத்தில் நான் முன்னால் சொல்லுவேன், அவள் பதில் சொல்லணும். எப்படிச் சொல்லுவாள் தெரியுமா? "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அடுப்ப சிம்ல வச்சீங்களா? எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். நாளைக்குக் கேஸ்காரன் வரான், வீட்ல இருங்க. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." இப்படி. ஒரு மூச்சில். மாதா அதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அந்த பெனடிக்டாதான் இப்போது வாயைத் திறப்பதில்லை. ஆறரையிலிருந்து ஏழு வரை.

இந்தத் தவக்காலத்தில் ஆரம்பித்தது. எங்கள் கோயில் பங்குப் பெண்களையெல்லாம் ஒரு தியான இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். இவளும் போனாள். போய்விட்டு வா, முழங்காலுக்குத் தைலம் எடுத்துக்கொள் என்று நானே பஸ் ஏற்றிவிட்டேன். அங்கே சிஸ்டர் ஹில்டா என்று ஒருவர். அவர்தான் இவர்களுக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். திருப்படத்தின் முன்னால் உட்காரணும். ஒன்றும் கேட்கக்கூடாது. ஒன்றும் சொல்லக்கூடாது. பார்க்கணும். நாம் பார்க்கிறோம் என்பது போய், நம்மைப் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிற வரைக்கும் பார்க்கணும். படம் என்பது ஜன்னலாம். ஜன்னலை யாரும் பார்ப்பதில்லை, ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோமாம்.

"ஜன்னலா? கம்பி எங்கே?" என்று கேட்டேன்.

"கம்பி இருக்கிறது உங்க கண்ணுல" என்றாள்.

வந்த அன்றே பதில் இப்படி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லணும். நீங்கள் எங்கள் வீடுகளில் திருஇருதய ஆண்டவர் படம் பார்த்திருப்பீர்கள். கன்னம் சிவந்து, தாடி சுருண்டு, கையை விரித்து, வாப்பா என்று கூப்பிடுகிற மாதிரி நிற்பார். நெஞ்சில் இருதயம் எரியும். எங்கள் ஹாலிலும் இருக்கிறது, கல்யாணத்துக்கு என் மாமனார் கொடுத்தது, அடியில் சிவப்பு பல்பு. நல்ல மனுஷர், அந்தப் படத்தில் இருக்கிறவர். இத்தனை வருஷத்தில் யாரையும் தொந்தரவு செய்ததில்லை.

இவள் கொண்டுவந்தது அப்படி இல்லை. முகம் மட்டும்தான். கிழக்குத் தேசத்துச் சபைகளில் வரைகிற மாதிரி. பழுப்பு முகம், நீள மூக்கு, சின்ன வாய். பின்னால் பொன் நிறம். கண் மட்டும் பெரிசு. அதிலும் ஒரு கண் கண்டிப்பாகப் பார்க்கிறது, இன்னொரு கண் போனால் போகிறது என்று பார்க்கிறது. ஹாலில் எந்த மூலைக்குப் போனாலும் கூடவே வருகிறார். நான் பனியனோடு உட்கார்ந்து பழைய சோறு சாப்பிடுகிறேன், அங்கேயும் பார்க்கிறார்.

"என்ன இவரு, ரயில்ல டிக்கெட் செக் பண்ண வர்றவர் மாதிரி இருக்காரு?" என்றேன்.

"டிக்கெட் எடுத்தவங்களுக்கு என்ன பயம்?" என்றாள்.

டெலிபோனில் பேசின வாய்.

தவக்காலத்தோடு போய்விடும் என்று நினைத்தேன் தம்பி. கறி சாப்பிடமாட்டேன், டி.வி. பார்க்கமாட்டேன் என்று ஒவ்வொருத்தர் ஒவ்வொன்று எடுப்பதில்லையா, அந்த மாதிரி. ஈஸ்டர் வந்தது. பிரியாணி வந்தது. படம் மட்டும் அதே சுவரில் இருக்கிறது. ஆறரை ஆனால் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்துவாள், நாற்காலியை எதிரில் போடுவாள், கையை மடியில் வைப்பாள். அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், தெருவில் ஐஸ்காரன் மணி அடிப்பான், நான் நாலு தடவை இருமுவேன். ஒன்றும் அவள் காதில் விழாது. இல்லை, விழும். அதுதான் எனக்கு ஆத்திரம். விழும், திரும்பமாட்டாள்.

பொறாமை என்று நினைத்துவிடாதீங்க. ஆண்டவர்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் முறையைப் பற்றிப் பேசுகிறேன். செபம் என்றால் வார்த்தை வேண்டாமா? வார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் வேறு.

அவள் பார்க்கிற பார்வையை நீங்கள் பார்க்கணும். எப்படிச் சொல்வது. எனக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். பெண் பார்க்கப் போனபோது குனிந்த தலை நிமிரவில்லை. கோயிலில் மாலை மாற்றும்போது மாலையைப் பார்த்தாள். அப்புறம் பார்த்ததெல்லாம் சட்டையில் கிரீஸ் கறை இருக்கிறதா, மாத்திரை போட்டேனா, வாங்கி வந்த கத்திரிக்காயில் ஓட்டை இருக்கிறதா, இப்படித்தான். கத்திரிக்காயையாவது திருப்பிப் பார்ப்பாள்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. கல்யாணமான புதிதில் ஒர்க்‌ஷாப் ஆபீசிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு போன் போடுவேன். அவள் குரல் வரும், "வணக்கம், எந்த நம்பர் வேணும்?" என்று. தேன் மாதிரி. நான் பேசமாட்டேன். கண்டுபிடிக்கிறாளா என்று பார்ப்பேன். "எந்த நம்பர் சார் வேணும்?" என்று மறுபடி கேட்பாள். அதே தேன். ஊரில் எவன் போன் பண்ணினாலும் அதே தேன். நான் வைத்துவிடுவேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போடுவேன். அவளுக்கு ஏனென்று தெரியாது.

அது கிடக்கட்டும். செந்தண்ணீர்புரம் தாண்டிவிட்டோமா? சரி சரி.

நான் நேராகச் சாமியாரிடம் போனேன். "சாமி, என் வீட்டுக்காரி செபம் சொல்றதை நிறுத்திட்டா."

அவர் பயந்துவிட்டார். "ஐயையோ, என்ன ஆச்சு? பெந்தகோஸ்தே பக்கம் போயிட்டாங்களா?"

"இல்ல சாமி. படத்தைப் பார்த்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கா. அரை மணி நேரம்."

அவருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அப்புறம், "கொடுத்து வச்சவங்க" என்றார். சரி, கண்டிப்பார் என்று போன இடத்தில் இப்படி. அதோடு விட்டாரா? "வெள்ளிக்கிழமை ஆராதனையில பத்து நிமிஷம் ஜனங்களுக்கு இதை அவங்க சொல்லிக்கொடுக்கட்டும். நீங்களே கூட்டிட்டு வாங்க" என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். என்ன செய்வது? மைக்கைக்கூட நானே உயரம் குறைத்து வைத்தேன். அவள் வந்து நின்றாள். மூன்றே வாக்கியம் பேசினாள். "கண்ணைத் திறந்து வச்சுக்கோங்க. எதுவும் கேக்காதீங்க. அவர் உங்களைப் பார்க்கட்டும்." அவ்வளவுதான். அப்புறம் மைக்கில் சத்தமே வரவில்லை. நான் ஒயர் கழன்றுவிட்டது என்று நினைத்து ஓடிப்போய் ஆட்டிப் பார்த்தேன். சாமியார் கண்ணாலேயே என்னை உட்கார வைத்தார்.

கோயில் முழுக்க அமைதி தம்பி. கைக்குழந்தைகூட அழவில்லை. நான் இருபது வருஷமாக "அமைதி, அமைதி" என்று அந்த மைக்கில் கத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட அப்படி வந்ததில்லை.

வெளியே வந்ததும் ஆள் ஆளுக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆர்மோனியம் வாசிக்கிற எட்வின் என்னிடம் வந்து, "அண்ணே, அண்ணி பேசாமலே பின்னிட்டாங்க. நீங்களும் ஒரு நாள் பேசாம இருந்து பாருங்களேன்" என்கிறான். அவனை நான் ஞானஸ்நானத்திலிருந்து பார்க்கிறேன்.

சரி, அவளுக்கு வருவது எனக்கு வராதா என்று நானும் ஒரு நாள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வேதபாடத்தில் மறைமாவட்டத்திலேயே முதல் பரிசு வாங்கினவன் நான். பார்த்தேன். மூக்கு ரொம்ப நீளம் என்று தோன்றியது. படம் இடது பக்கம் சரிந்திருக்கிறது என்று தோன்றியது. இந்த ஃபேனுக்கு எண்ணெய் போட்டு எவ்வளவு நாளாகிறது என்று தோன்றியது. ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. வெயில் சாய்ந்து ஹாலுக்குள் வரும்போது சுவர் எப்படி இருக்கும், அந்த மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏதாவது சொல்றாரா?" என்றேன்.

"இல்லையே."

"நீ ஏதாவது சொல்றியா?"

"இல்லையே."

"அப்ப ரெண்டு பேரும் என்னதான் பண்றீங்க?"

"சும்மா இருக்கோம்" என்றாள்.

'இருக்கோம்' என்றாள் தம்பி. 'இருக்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? அவளும் அவருமாக 'இருக்கோம்'. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நான் அந்தக் கணக்கில் இல்லை.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சலூனுக்குப் போய் மீசைக்கு மை போட்டுக்கொண்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்ததுதான். ஆறரைக்கு முன்னால் அவள் எதிரில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். நிமிர்ந்து பார்த்தாள். "உதட்டுக்கு மேல கரி ஒட்டியிருக்கு, தொடைச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள்.

அப்புறம்தான் நாற்காலியை மாற்றினேன். என் சாய்வு நாற்காலி வாசல் பக்கம் கிடக்கும். அங்கே காற்று வரவில்லை என்று சொல்லி, அதைத் தூக்கிப் படத்துக்கு நேர் கீழே போட்டேன். என் வீடு. என் நாற்காலி. எங்கே வேண்டுமானாலும் போடலாம். பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது அவள் கண்ணை எடுத்தால் என்மேல்தானே விழணும்?

விழவில்லை. என் தலைக்கு மேலே ஒரு சாண் தள்ளிப் போகிறது. நான் மெல்ல முதுகை நிமிர்த்தினேன். இன்னும் கொஞ்சம். பேப்பரை மடித்து அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரத்தில் தானாக வாய் திறக்காதவள், அன்றைக்குத்தான் தானாக ஒரு வார்த்தை பேசினாள்.

"கொஞ்சம் தலையைக் குனிங்க. தாடி மறைக்குது."

என் தலை அவர் தாடியை மறைக்கிறதாம்!

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சொல்லுங்க. சண்டை போடலாமா? ஆண்டவரைப் பார்க்காதே என்று எந்தப் புருஷன் சொல்லமுடியும்? ஊரே சிரிக்கும். நான் அடுத்த நாள் காலை அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் படத்தைக் கழற்றினேன். பழைய பெட்ஷீட்டில் சுற்றினேன். இதே பஸ்ஸில் பாலக்கரைக்கு வந்து, எனக்குத் தெரிந்த ஒரு பிரேம் கடையில் கொடுத்தேன். "நல்ல தேக்குச் சட்டமா போட்டுக் கண்ணாடி மாட்டுங்க, அவசரமே இல்லை" என்றேன். "எந்த நாள் வேணும்?" என்று கேட்டார். "அவசரமே இல்லை" என்று மறுபடி சொன்னேன்.

அவள் வந்தாள். சுவரைப் பார்த்தாள்.

"பூச்சி அரிக்குது, சட்டம் போடக் கொடுத்திருக்கேன். உனக்காகத்தான்" என்றேன்.

"ரொம்ப நல்லது" என்றாள். கோபமில்லை. கோபப்பட்டிருந்தாலாவது ஒரு திருப்தி இருந்திருக்கும்.

அன்றைக்கு ஆறரை ஆயிற்று. நான் டி.வி.யில் நியூஸ் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இப்போது வந்து பக்கத்தில் உட்காருவாள், பழையபடி ஏதாவது பேசுவாள், கேஸ்காரனைப் பற்றியாவது பேசுவாள் என்று. அவள் டி.வி.யை அணைத்தாள். மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள். நாற்காலியை எதிரில் போட்டாள்.

சுவரில் என்ன இருக்கிறது? படம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் வெளுப்பாக ஒரு சதுரம். மேலே ஒரு ஆணி. அதைப் பார்க்கிறாள். அதே பார்வை. அதே முகம். ஒரு குறை இல்லை.

ஆணி தம்பி! அவராவது கடவுளுடைய மகன். ஆணி எனக்கு எந்த விதத்தில் உசத்தி?

இப்படி ஒரு வாரம் போயிற்று. ஒவ்வொரு நாளும் நான் அந்த ஆணியைப் பார்ப்பேன். பிடுங்கிவிடலாமா என்று குறடைக்கூட எடுத்தேன். அப்புறம் ஓட்டையைப் பார்ப்பாள் என்று வைத்துவிட்டேன்.

நேற்றுத்தான் நான் அந்தக் காரியம் செய்தேன். இவ்வளவு நாள் கீழே உட்கார்ந்ததால்தானே தலைக்கு மேலே போயிற்று? சாப்பாட்டு மேஜைக்குப் போடுகிற உயரமான ஸ்டூலை எடுத்து, சுவரோடு சுவராக, அந்த வெளுத்த சதுரத்தின்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். சதுரம் மறைந்தது. ஆணி என் தலைக்குப் பின்னால். இனிமேல் எங்கே பார்ப்பாய் பார் என்று நினைத்தேன்.

அவள் வந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என்ன இது என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டால் சொல்வதற்கு முதுகுவலி என்று ஒரு பதில்கூட வைத்திருந்தேன். கேட்கவில்லை. மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்தாள். நிமிர்ந்தாள்.

என்னைப் பார்த்தாள்.

முதலில் எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சட்டையைப் பார்க்கவில்லை. கறையைப் பார்க்கவில்லை. மீசையைப் பார்க்கவில்லை. மாத்திரை போட்டேனா என்று பார்க்கவில்லை. ஒன்றும் கேட்காத பார்வை. எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தொடையில் வைத்தேன். கட்டிக்கொண்டேன். பல்செட் வாய்க்குள் பெரிதாகத் தெரிந்தது. மனசுக்குள் செபம் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன், பாதியில் எந்த இடம் என்று மறந்துவிட்டது. எனக்கு! செபம் மறந்துவிட்டது!

நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை மரியாதையோடு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். எல்லாரும் போனதும் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறைந்து வழிகிற வரை அழுதேன். யாருக்கும் தெரியாது. அவளிடம் சொன்னதே இல்லை. நேற்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது இவளுக்கு அது தெரியும் என்று தோன்றிற்று. அன்றைக்கே தெரியும், வெளியே துண்டை வைத்துக்கொண்டு நின்றிருப்பாள் என்று தோன்றிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை தம்பி. சும்மா பார்க்கத்தான் செய்தாள். ஆனால் தோன்றிற்று.

அதைவிட ஒன்று. அதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அது அதே பார்வைதான். அவரைப் பார்த்தாளே, அது. ஆணியைப் பார்த்தாளே, அது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கென்று தனியாக ஒன்று எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். புருஷன் இல்லையா? கொஞ்சமாவது வேறு மாதிரி இருக்கணுமா இல்லையா? அவருக்குப் போட்ட அதே அளவுதான் எனக்கும் போட்டாள். அதில் நான் கோபப்படுவதா, வேறென்ன செய்வதா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இவ்வளவு பெரிசா எனக்கு எதுக்கு? நான் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன்.

தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். "பால் பொங்குது" என்றேன். அடுப்பில் பாலே இல்லை.

அப்போது அவள் ஒன்று சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"இருங்க. இப்பத்தானே வந்து உக்காந்தீங்க."

இப்போதுதான் வந்து உட்கார்ந்தேனாம்! கேட்டீங்களா? முப்பத்தாறு வருஷமாக அந்த வீட்டில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? நின்றுகொண்டா இருந்தேன்? கரண்ட் பில் கட்டினது யார்? தண்ணீர் மோட்டார் ரிப்பேரானால் இறங்கினது யார்? எல்லாம் செய்துவிட்டு, இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன் என்றால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? பால் இல்லாத அடுப்பைப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஏழு மணி ஆகிற வரைக்கும்.

அதனால்தான் காலையில் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "சட்டம் தயாரா இருக்கு, ஒரு மணிக்குச் சாப்பிடப் போயிருவேன், அதுக்குள்ள வாங்க" என்றார். வாங்கிக்கொண்டு போய் ஆறரைக்குள் மாட்டிவிடணும். அவரைப் பார்க்கட்டும். அவரால் தாங்க முடியும். அவருக்கு அது பழக்கம், உலகமே அவரைத்தானே பார்க்கிறது. எனக்குப் பழக்கமில்லை. எந்த இடத்தில் யார் இருக்கணுமோ அங்கே அவரவர் இருந்தால் வீட்டில் குழப்பம் வராது.

என்ன? பாலக்கரையா? இதுவா? ஆமாம், ரவுண்டானா தெரிகிறது. கண்டக்டரும் கத்துகிறார். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் தம்பி, உட்காருங்க. இறங்கணும். இறங்கணும்தான்.

வெயிலைப் பாருங்களேன். இந்த வெயிலில் இறங்கி, அவ்வளவு பெரிய படத்தைத் தூக்கிக்கொண்டு, மறுபடி பஸ்ஸில் எப்படி ஏறுவது? தேக்குச் சட்டம் வேறு. கண்ணாடி வேறு போட்டிருக்கிறார், உடைந்துவிட்டால் யார் பதில் சொல்வது? மணியும் ஒன்றை நெருங்குகிறது. அவர் சாப்பிடக் கிளம்பியிருப்பார். பாவம், பசியோடு இருக்கிறவரை நிறுத்தி வைப்பது சரியில்லை.

விசில் ஊதிவிட்டார். சரி, போகட்டும் விடுங்க.

கண்டக்டர் சார், சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு டிக்கெட் கொடுங்க. அங்கே இறங்கித் திரும்புகிற பஸ்ஸைப் பிடித்துக்கொள்கிறேன். படம் எங்கே ஓடிப்போகப் போகிறது? நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை வாங்கினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

எனக்கு இப்போது ஒரு கவலைதான் தம்பி. ஆறரைக்குப் போட்டுக்கொள்ள வீட்டில் இஸ்திரி போட்ட சட்டை ஏதாவது இருக்கிறதா என்று தெரியவில்லை.